ஸ்னோஷூ அணிந்து முதல் பனிநடை: ரெய்னியர் மலையில் தொடங்குவது எப்படி?

புதிதாக விழுந்த ஆழமான பனியில் சாதாரணக் காலணியுடன் இறங்கினால், அடிக்கு அடி முழங்கால் வரை புதைந்து, நூறு மீட்டருக்குள் களைத்துவிடுவோம். காலணியின் அடியில் கட்டிக்கொள்ளும் அகன்ற சட்டகமான ஸ்னோஷூ, நம் எடையை அகன்ற பரப்பில் பரப்பிப் பனியின் மேற்புறத்திலேயே நம்மைத் தாங்குகிறது. அதை அணிந்து நடக்க ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது, எப்போது திரும்ப வேண்டும் என்பவற்றைக் கற்கத்தான் நாளாகும். ஆகவே அவற்றுக்கே இங்கு கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

முதல் நடைக்கு நான் பரிந்துரைப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் மலையின் தென்சரிவில் அமைந்த பாரடைஸ் என்னும் இடம். சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்விடத்தில் 1971-72 பருவத்தில் மட்டும் 1,122 அங்குலம், அதாவது 28 மீட்டருக்கும் மேல், பனி பொழிந்தது. பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதே இத்தனை பொழிவுக்கும் காரணம்.

முதல் படி: புறப்படும் முன்

இம்மலையை உள்ளடக்கிய ரெய்னியர் மலை தேசியப் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். பூங்காவுக்குள் கீழே உள்ள லாங்மயர் என்னும் இடத்திலிருந்து பாரடைஸுக்கு ஏறும் சாலையைக் குளிர்காலத்தில் இரவில் வாயிற்கதவிட்டு மூடிவிடுவார்கள். கடும் பனிப்பொழிவு இருந்தால் பகலிலும் திறக்க மாட்டார்கள். நவம்பர் 1 முதல் மே 1 வரை, நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானாலும், டயர் சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். வீட்டிலேயே ஒருமுறை அதை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அப்பகுதிக்கான பனிச்சரிவு (மலைச்சரிவிலிருந்து பனி திரளாகப் பெயர்ந்து பாய்வது) முன்னறிவிப்பை நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டர் தளத்தில் படியுங்கள். அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரையான நிலைகளில் குறிப்பிடுவார்கள். மூன்று என்பது நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று எண்ணுவது தவறு. அந்த நிலையிலேயே மனிதர் கால்பட்டுப் பனிச்சரிவு கிளம்ப வாய்ப்பு உண்டு. புதியவர்கள் மூன்றும் அதற்கு மேலும் உள்ள நாள்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

இரண்டாம் படி: உடையும் கருவியும்

ரெய்னியர் அமைந்த கேஸ்கேட் மலைத்தொடரின் பனி பெரும்பாலும் உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் விழுவதால், இங்கு குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. பருத்தி ஆடை ஈரத்தைப் பிடித்துவைத்து உடல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை எதுவும் வேண்டாம். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை ஆடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்னும் கதகதப்பான செயற்கைத் துணி ஆடை, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும் என மூன்று அடுக்குகள் போதும். நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிரவேண்டும்; அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்தே நிமிடத்தில் வியர்த்து உள்ளாடை நனைந்துவிடும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது என்பதால், மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடி தேவை.

ஸ்னோஷூவின் அளவை உயரத்தை வைத்து அல்ல, பைச் சுமையையும் சேர்த்த எடையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடைக்கேற்ற நீளத்தை ஒவ்வொரு நிறுவனமும் அட்டவணையாகத் தருகிறது. முதல் முறை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே சிறந்தது. நீர் புகாத மலையேற்றக் காலணி, அகன்ற வட்டு பொருத்திய ஊன்றுகோல் இரண்டு, காலணிக்குள் பனி நுழையாமல் தடுக்கும் கெய்ட்டர் ஆகியவையும் வேண்டும்.

மூன்றாம் படி: நடை

முன்பாதம் ஸ்னோஷூவின் சுழல்பகுதிக்கு நேராக அமையுமாறு வைத்துப் பட்டைகளை இறுக்குங்கள். குதிகால் தடையின்றி மேலெழ வேண்டும். வழக்கத்தைவிடக் கால்களைச் சற்று அகட்டி நடந்தால் ஒரு ஸ்னோஷூ மற்றதை மிதிக்காது. பின்னோக்கி நடக்க முயன்றால் வால்பகுதி பனியில் குத்தி விழச்செய்யும் என்பதால், திரும்ப வேண்டுமானால் அரைவட்டமாகச் சுற்றி வாருங்கள். ஏற்றத்தில் முன்பாதத்தைப் பனியில் உதைத்துப் பதித்து, அடியிலுள்ள உலோகப் பற்கள் பிடித்ததை உணர்ந்த பின்னரே எடையை மாற்றுங்கள். இறக்கத்தில் முழங்காலை மடக்கி, எடையைக் குதிகாலுக்குச் சாய்த்து, சிறு அடிகளாக இறங்குங்கள்.

நான்காம் படி: எங்கே நடப்பது, எங்கே நிற்பது

பாரடைஸிலிருந்து தொடங்கும் நிஸ்குவாலி விஸ்டா பாதை, மரங்களுக்கிடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் சுற்றிவரும் மிதமான பாதை. வானம் தெளிந்திருந்தால் நிஸ்குவாலி பனியாறு எதிரே முழுமையாகத் தெரியும். முதல் நாளுக்கு இதுவே போதும். அதற்கு மேலே உள்ள பனோரமா பாயின்ட் பலரையும் ஈர்க்கும். ஆனால் அதன் முகப்புச் சரிவு பனிச்சரிவுக்குப் பெயர்போனது.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. உங்கள் கைப்பேசியில் சாய்வளக்கும் செயலியை நிறுவி, ஊன்றுகோலைச் சரிவின்மீது கிடத்தி அதன்மேல் கைப்பேசியை வைத்தால் கோணம் தெரியும். சாய்வு குறைந்த சரிவுகளில் அளந்து பழகினால் கண்ணே மதிப்பிடத் தொடங்கிவிடும். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேல் செங்குத்தான சரிவு இருந்தால் அங்கே ஓய்வெடுக்கக் கூடாது. காலடியில் பனி ‘வும்ப்’ என்று அமுங்கும் ஒலி கேட்டாலோ, ஸ்னோஷூவின் முன்னே விரிசல் ஓடினாலோ, வந்த தடத்திலேயே உடனே திரும்புங்கள்.

ஊசியிலை மரங்களின் அடிமரத்தை ஒட்டி, கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் ஆழமான குழி மறைந்திருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவர் தாமாக வெளியேறுவது மிகக் கடினம். எனவே மரங்களை விட்டு விலகி, துணைவர் கண்ணில் படும் தூரத்திலேயே நடங்கள். பனிமூட்டம் சூழ்ந்து தரையும் வானமும் ஒரே வெண்மையாகிவிடுவது இங்கு அடிக்கடி நிகழும். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே பதிவிறக்கி, பேட்டரி குளிரில் செயலிழக்காதவாறு சட்டையின் உட்பையில் வைத்திருங்கள்.

திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சாலை வாயிற்கதவு மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வண்டிக்குத் திரும்பிவிடுவது என் வழக்கம்; சங்கிலி மாட்டவும் மெதுவாக இறங்கவும் அந்த நேரம் தேவைப்படும். இப்பாதை பழகிய பின் மேலே ஏற விரும்பினால், முதலில் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து, பனியில் புதைந்தவரின் இடங்காட்டும் டிரான்ஸ்சீவர், துழாவுகோல், மண்வெட்டி ஆகிய மூன்றையும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.