பார்க்ல மாற்றுத்திறனாளி பசங்களும் சேர்ந்து எல்லா பசங்களும் விளையாடணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

முதல்ல ஊஞ்சல் வாங்குறத விடுங்க, தரையப் பாருங்க. மணலும் ஜல்லியும் போட்ட இடத்துல வீல்சேரோட முன்சக்கரம் அப்படியே புதைஞ்சிடும், அப்புறம் எவ்ளோ நல்ல சறுக்குமரம் இருந்தாலும் அந்தப் புள்ள ஓரமா உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும், பாக்குறப்பவே மனசு கஷ்டமா இருக்கும். அதனால கேட்ல இருந்து ஒவ்வொரு விளையாட்டு சாமான் வரைக்கும் ரப்பர் தரையோ கெட்டியான பாதையோ விடாம போகணும், அகலம் 1.5 மீட்டர் இருந்தா வீல்சேர் திரும்பிடும். ராம்ப்னா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேணும், பேருக்கு செங்குத்தா ஒண்ணு கட்டி வைக்காதீங்க.

ராட்டினம் தரை மட்டத்துலயே இருந்தா சேரோடயே ஏறிக்கலாம். சாய்மானமும் பெல்ட்டும் உள்ள ஊஞ்சல தனியா ஒதுக்காம மத்த ஊஞ்சல் பக்கத்துலயே போடுங்க. மணல் விளையாட மேசை ஒசரத்துல ஒரு தொட்டி, கீழ முட்டி நுழைய இடம். சத்தம் தாங்காத பசங்களுக்கு அமைதியான ஒரு மூலை, திடீர்னு ஓடிடுற பசங்களுக்காக சுத்தி வேலி.

முக்கியமா, டிசைன் போடுறதுக்கு முன்னாடியே மாற்றுத்திறனாளி பசங்களயும் வீல்சேர்ல வர்ற அப்பா அம்மாவையும் கூப்பிட்டு கேளுங்க, கட்டி முடிச்சப்புறம் கேட்டா திரும்ப இடிக்கத்தான் செலவு. ரப்பர் பிஞ்சா, கேட் தாழ்ப்பாள் இறுகினா யார்கிட்ட சொல்றதுனு ஒரு நம்பர கேட்லயே எழுதி வைக்க சொல்லுங்க.