ஷாட்கன்னில் மான் வேட்டை: குறி எங்கே தவறுகிறது?

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் பக்கமெல்லாம் சமதரையான சோளக்காடு. ரைஃபிள் குண்டு வெகுதூரம் பாயும் என்பதால், துப்பாக்கியில் வெண்வால் மானைச் சுடுவதென்றால் குண்டு அவ்வளவு தூரம் போகாத ஷாட்கன் போன்றவைதான் என்று அங்கே பல காலம் விதி இருந்தது. இப்போது சில ரக ரைஃபிள் தோட்டாக்களுக்கு அனுமதி வந்த பிறகும் பலர் ஷாட்கன்னை விடவில்லை. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வது அங்கே உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.)

பதற்றத்தில் பலர் மொத்த மானையும் பார்த்துச் சுடுகிறார்கள். குண்டு வயிற்றில் போய்ப் பாய்கிறது. பார்க்க வேண்டியது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அடிக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். நுரையீரலும் இதயமும் இருக்கும் அந்த இடம் ஏறக்குறைய 8 அங்குல அகலம்தான்.

மான் பக்கவாட்டில் நின்றால் சரி. முகத்தை அப்பால் திருப்பிச் சாய்வாக நின்றால், எதிர்ப்பக்க முன்னங்கால் வழியாகக் குண்டு வெளியேறுவதாக நினைத்துக் குறிவைக்க வேண்டும். நம் பக்கத்தில் குண்டு நுழையும் இடம் கடைசி விலாக்களுக்கு அருகேகூட வரலாம். நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றால் தோளெலும்பு மறைக்கும், குண்டு குடலுக்குள் போகும். திரும்பும்வரை காத்திருங்கள். பரண் மேலிருந்து செங்குத்தாகச் சுட்டால் ஒரு நுரையீரல் மட்டும் அடிபட்டு, மான் வெகுதூரம் ஓடிவிடும்.

தலையைக் குறிவைப்பதைத் திறமை என்று பேசுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. மூளை சிறியது, தலை ஓயாமல் அசையும். இரண்டு அங்குலம் தப்பினால் தாடை உடைந்து மான் பட்டினியில் சாகும். ஆட்கள் கூட்டமாகப் போய்க் கலைத்து விரட்டும் வேட்டையில் ஓடும் மானைச் சுடுவதும் இதே கதைதான்.

அப்புறம் தூரம். 50 கெஜத்துக்குக் குறி சரிபார்த்த சாதாரண ஸ்லக் (ஷாட்கன்னில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு) 100 கெஜத்தில் பல அங்குலம் கீழே இறங்கியிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபட் ஸ்லக், உள்ளே சுருள் வரி வெட்டிய வரிக்குழலுக்கானது. வரியில்லாத வழுக்குக் குழலில் போட்டால் சுழலாது, எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒரே தோட்டாவிலிருந்து பல குண்டுகளாகச் சிதறும் பக்‌ஷாட்டைப் பல மாநிலங்கள் மானுக்கு அனுமதிப்பதில்லை. அனுமதி உள்ள இடத்திலும் 30 கெஜத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஸ்லக் உடலைத் துளைத்து அப்பாலும் போகும், பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா என்று பாருங்கள்.

சுட்டதும் ஓடிப்போய்த் தேடுவது கடைசித் தவறு. மான் நின்ற இடத்தை மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். நுரையுள்ள இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல்; மான் அருகிலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் விட வேண்டும். பச்சை நிறமாக, நாற்றத்தோடு இருந்தால் குடல்: 8 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுக் கிளப்பினால் படுத்திருந்த மானும் எழுந்து ஓடிவிடும். ரத்தம் கண்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைத் தொங்கவிட்டபடி போங்கள். தடம் விட்டுப்போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன திசை தெரியும்.