பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புது நாஸில் போடும் முன்

புது நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஃபைல்களை வைக்கும் பெட்டி, வந்தாயிற்று. டிராயரில் பழைய டிஸ்க் இரண்டு மூன்று சும்மா கிடக்கின்றன. அதையே போடலாமா? போடலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். முதல்முறை அமைக்கும்போது பெரும்பாலான நாஸ்கள் டிஸ்க்கை முழுக்க அழித்துத் தமக்கேற்ப ஃபார்மட் செய்துகொள்ளும். பழைய படங்களோடு செருகினால் படங்கள் போய்விடும்.

படி 1: உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்

டிஸ்க்கைக் கணினியில் இணைத்து, வேண்டியதை வேறொரு டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். காப்பி ஆனவற்றில் நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள்.

படி 2: பொருந்துமா?

டிஸ்க்கில் சாட்டா என்ற மெல்லிய கேபிள் மாட்டும் இணைப்பு இருக்க வேண்டும். அகலமான 40 பின் கேபிள் மாட்டும் ரகம் என்றால் அதை மறந்துவிடுங்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க் பல பெட்டிகளில் உட்காரும். டிரேயின் அடிப்பக்கம் திருகு போட வேண்டியிருக்கும். யூஎஸ்பி போர்ட்டபிள் டிஸ்க்கைப் பிரித்தால் சிலவற்றில் சாட்டாவே இருக்காது, யூஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதைப் பிரிக்காமல் நாஸின் யூஎஸ்பி போர்ட்டில் மாட்டுவதே மேல்.

படி 3: நாடி பிடித்துப் பாருங்கள்

முக்கியமான கட்டம் இதுதான். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை 'ஸ்மார்ட்' என்ற பதிவேட்டில் தானே குறித்துவைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். மதிப்புகள் முதலில் ஹெக்ஸ் எண்ணில் (16ஐ அடிப்படையாகக் கொண்ட, எழுத்தும் கலந்த எண்) இருக்கும். அமைப்பில் பதின்ம எண்ணுக்கு மாற்றுங்கள். நான் மாற்றாமல் பார்த்து நல்ல டிஸ்க் ஒன்றைக் கிழடு என்று ஒதுக்கிவைத்திருந்தேன்!

5ஆம் எண் வரிசை, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்). 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198, சோதனையில் சரிசெய்ய முடியாமல் போனவை. மூன்றும் 0 என்றால் நல்லது. 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள். 199, தரவைக் கடத்தும்போது நேரும் பிழைகள். அது மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, டிஸ்க்கைத் திட்டாதீர்கள். 9ஆம் வரிசை, ஓடிய மணிநேரம். இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8,760 மணி. அதில் 40,000 என்று பார்த்தால் நாலரை ஆண்டு உழைத்த டிஸ்க்.

சில யூஎஸ்பி அடாப்டர்கள் இந்தப் பதிவேட்டைக் காட்டாது. அப்போது டிஸ்க்கை நாஸில் மாட்டிப் பார்க்கலாம். எப்படியும் அங்கேயே விரிவான ஸ்மார்ட் சோதனையையும் ஓட்டிவிடுங்கள். பல மணிநேரம் பிடிக்கும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.

படி 4: எப்படிச் சேர்ப்பது

பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1 டெராபைட்டையும் 2 டெராபைட்டையும் ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே பிரதி) ஆக்கினால் கிடைப்பது 1 டெராபைட்தான். சின்னது வைத்ததே சட்டம். 1, 2, 2 என மூன்று இருந்தால் ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் ரெய்டு 5 தருவது 2 டெராபைட். நாஸ் தயாரிக்கும் சைனாலஜியின் எஸ்எச்ஆர் போன்ற, வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைச் சேர்க்கும் கலப்பு முறை அதிலேயே 3 வரை எடுத்துத் தரும்.

எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பெரிய இடமாக்கும் ரெய்டு 0 பக்கம் பழைய டிஸ்க்கோடு போகவே வேண்டாம். ஒன்று செத்தால் மொத்தமும் போச்சு. ரெய்டு 5இலும் ஒன்று போனால், புது டிஸ்க்கை நிரப்ப மீதமுள்ளவை முழுக்கப் படிக்கப்படும். அவையும் கிழடுகளாக இருந்தால் அந்த நேரத்தில்தான் அடுத்தது மயங்கி விழும்.

ஆகவே நான் பழையவற்றை ரெய்டில் பூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் தனி வால்யூமாக (தனிச் சேமிப்பிடமாக) விட்டு, லேப்டாப்பில் இருப்பதன் இரண்டாவது பிரதிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். வேகம் பற்றிக் கவலை வேண்டாம்: கிகாபிட் நெட்வொர்க் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் தாண்டவிடும், பெரிய ஃபைல்களுக்கு பழைய 3.5 அங்குல டிஸ்க்கே அதை ஏறக்குறைய எட்டிவிடும்.

படி 5: பிறகு

மாதம் ஒருமுறை ஸ்மார்ட் சோதனை தானாக ஓடும்படி நேரம் குறித்து, எச்சரிக்கை மின்னஞ்சலையும் இயக்கிவையுங்கள். டிரேயில் டிஸ்க்கின் சீரியல் எண்ணை ஒட்டிவைத்தால், மின்னஞ்சல் வரும் நாளில் தவறான டிஸ்க்கை உருவ மாட்டீர்கள்.