வட அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் சிறு விமான ஓட்டிக்கு

ஒற்றை எஞ்சின் விமானத்தில் வட அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் கடக்க வேண்டியதில்லை. கனடாவின் இக்காலுயிட்டிலிருந்து கிரீன்லாந்தின் நூக், குலுசுக் வழியாக ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் சென்று, அங்கிருந்து ஸ்காட்லாந்தின் விக் நகரத்தில் இறங்கலாம். 1934-இல் ஜான் கிரியர்சன் இதற்கு எதிர்த்திசையில், பிரிட்டனிலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்குத் தனியாகவே பறந்து சென்றார். இன்று கனடாவிலிருந்து கடல்மேல் புறப்படும் ஒற்றை எஞ்சின் விமானிக்குக் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி, தொலைதூரம் எட்டும் எச்.எஃப். வானொலி, உடல் விறைப்பிலிருந்து காக்கும் உடை, கூடுதலாகப் பத்து சதவீத எரிபொருள் ஆகியவை கட்டாயம்.

முதலில் உடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலர் அதைப் பையில் வைத்துக்கொண்டே பறக்கிறார்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைவிரல்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்புவதற்குமுன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது மீட்புப் பணியாளர்கள் சொல்லும் கணக்கு. எஞ்சின் நின்ற பிறகு, ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, நெருக்கமான இருக்கையில் இரண்டு கால்களையும் காப்புடைக்குள் நுழைக்க உங்களால் முடியாது. ஆகவே தரையிலேயே அணிந்து, வெக்கையாக இருந்தாலும் இடுப்புக்குக் கீழே இறக்காமல், கழுத்துவரை ஜிப்பை இழுக்கச் சில நொடிகள் போதும் என்ற நிலையில் வைத்திருங்கள். உயிர்காப்புப் படகு பின்புறச் சாமான்களுக்கிடையே அல்ல, பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி உங்கள் உடம்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, திரும்புவதா தொடர்வதா என்ற கணக்கு. இதைத் தரையில், பென்சிலால் போட்டுத் தொடையில் கட்டிய பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். ரெய்க்யவிக்–விக் தொலைவு சுமார் 640 கடல் மைல். விமானத்தின் வேகம் 120 நாட் (அதாவது மணிக்கு 120 கடல் மைல்), பின்காற்று 20 நாட் என்று கொள்வோம். போகும்போது 140, திரும்பும்போது 100. எஞ்சின் தடுமாறினால் எந்தப் பக்கம் விரைவில் தரை கிடைக்கும் என்ற சமநேரப் புள்ளி 267 கடல் மைலில், பாதி வழிக்கு முன்பே வந்துவிடுகிறது. 300 மைலில் இருப்பவர் பின்னோக்கிப் போனால் மூன்று மணி நேரம்; முன்னோக்கிப் போனால் சுமார் இரண்டரை மணி நேரம்தான். ஒதுக்கீடு போக ஏழு மணி நேர எரிபொருள் இருந்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பக்கூடிய கடைசிக் கணம் 2 மணி 55 நிமிடம். வழியருகே ஃபரோ தீவுகளின் வாகர் விமான நிலையம் உண்டு. ஆனால் அங்கே மூடுபனி அடிக்கடி சூழ்வதால், அதை மட்டும் நம்பித் திட்டமிடுவது சரியல்ல. காற்று மாறினால் கணக்கும் மாறும் என்பதால், மணிக்கு ஒருமுறை உண்மையான வேகத்தையும் மீதமுள்ள எரிபொருளையும் எழுதி ஒப்பிடுங்கள்.

பனி படிவதற்கும் இதேபோல் முன்கூட்டியே எடுத்த முடிவு தேவை. பூஜ்யத்துக்குக் கீழே உள்ள மேகத்தில் இறக்கையின் முன்விளிம்பு வெளுக்கத் தொடங்கியதுமே உயரத்தை மாற்ற வேண்டும். கடலுக்கு மேலே உறையாத காற்று போதிய உயரத்துக்கு இல்லாத நாளில் கீழிறங்கித் தப்ப இடமில்லை. அப்படிப்பட்ட நாளில் புறப்படவே கூடாது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள எஞ்சினாக இருந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் ஈரக்காற்றில் அதனுள் பனி கட்டும். எஞ்சினின் சுழற்சி எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்தால், அதற்குள் சூடான காற்றைச் செலுத்தும் கார்புரேட்டர் ஹீட்டை முழுமையாகத் திறந்துவிடுங்கள்.

கிரீன்லாந்தை நெருங்கும்போது காந்தத் திசைக்கும் உண்மை வடக்குக்கும் இடையே 20 பாகைக்கும் மேல் வேறுபாடு இருக்கும் என்பதை வரைபடத்தில் குறித்துவையுங்கள். குறுகிய தூரமே எட்டும் வி.எச்.எஃப். வானொலி தரையை எட்டாத இடத்தில் உங்கள் இருப்பிடச் செய்தியை மேலே செல்லும் பயணிகள் விமானங்கள் 123.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேட்டு, கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவிக்கும். தரையிறங்கியதும், களைப்பு எவ்வளவு இருந்தாலும், பறப்புத் திட்டத்தை முடித்துவிட்டதாக உடனே அறிவியுங்கள். இல்லையென்றால் நீங்கள் உணவருந்திக் கொண்டிருக்கும் நேரத்தில் உங்களைத் தேடி ஹெலிகாப்டர் கடலுக்குக் கிளம்பிவிடும்.