கம்பியில்லா மோடமில் சிம்பல் நேரப் பிழையைக் கண்டறிதல்

மோடமில் பிட் பிழைகள் பெருகினால் பெரும்பாலோர் இரைச்சலையே முதலில் சந்தேகிக்கின்றனர். ஆனால் சிம்பலின் (ஒன்றோ பலவோ பிட்களைச் சுமக்கும் சிக்னல் அலகின்) சரியான கணத்துக்குச் சற்று முன்னோ பின்னோ ரிசீவர் அதன் அளவை மாதிரியாக எடுத்தாலும் ஏறக்குறைய அதே அறிகுறிகள்தாம் தோன்றும் என்பதால், எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

பெறப்பட்ட ஒவ்வொரு சிம்பலையும் ஒரு புள்ளியாகக் காட்டும் கான்ஸ்டலேஷன் வரைபடத்தைப் பார்த்தபடி, ரிசீவர் திணறாத எல்லைக்குள், சிக்னலின் திறனைப் படிப்படியாக உயர்த்துங்கள். இரைச்சல்தான் காரணம் என்றால் புள்ளித் திரள்கள் சுருங்கும். நேரப் பிழையானால், அண்டைச் சிம்பல்கள் ஒன்றில் ஒன்று கசிவதால் உண்டாகும் சிதறல் குறையாது. பல பாதைகளில் சிக்னல் வந்து சேரும்போதும் இதே கசிவு நேரும். ஆகவே ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு, இரு மோடம்களையும் அட்டென்யுவேட்டர் (சிக்னலின் திறனைக் குறைக்கும் கருவி) வழியாகக் கேபிளில் இணைத்துச் சோதிப்பதே நம்பகமானது. வரைபடம் முழுவதும் சுழன்றால் அது கேரியர் (தரவைச் சுமக்கும் அலை) அதிர்வெண் கோளாறு, வேறு கதை.

பிழையின் திசையை அறிய, கார்ட்னர் என்ற பொறியாளர் 1986இல் வெளியிட்ட நேரப் பிழை கண்டறியும் முறை உதவும். இதற்குச் சிம்பலுக்கு இரண்டு மாதிரிகள் போதும்: பிந்தைய சிம்பல் மாதிரியிலிருந்து முந்தையதைக் கழித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட மாதிரியால் பெருக்க வேண்டும். பல சிம்பல்களுக்கு எடுத்த சராசரி பூச்சியத்தை ஒட்டியிருந்தால் நேரம் சரி. நேர்க்குறியானால் தாமதமாகவும், எதிர்க்குறியானால் முந்தியும் மாதிரி எடுக்கப்படுகிறது. ஒரே சிம்பலின் மதிப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சரியான நேரத்திலும் அது இங்குமங்கும் ஆடும். சிம்பல்கள் மாறாமல் ஒரே மதிப்பில் தொடர்ந்தால் கழித்தல் பூச்சியமாகி எதுவும் தெரியாது என்பதால், சோதனைத் தரவு சீரற்றதாக இருக்கட்டும்.

சராசரி நிலையாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ஒன்று, காலப்போக்கில் நகர்ந்துகொண்டே இருப்பது வேறொன்று. நகர்ந்தால் இரு முனைகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை, ரிசீவரில் மாதிரி நேரத்தைத் திருத்தும் சுற்றும் அதைப் பின்தொடரவில்லை என்று பொருள். கடிகாரத்தை இயக்கும் ஒவ்வொரு கிரிஸ்டலும் பத்து லட்சத்துக்கு 20 பங்கு எதிரெதிர்த் திசையில் விலகினால் மொத்த வேறுபாடு 40 பங்கு. அதாவது 25,000 சிம்பல்களுக்கு ஒன்று நழுவும். விநாடிக்கு 1,00,000 சிம்பல் வேகத்தில் இது கால் விநாடிக்கு ஒருமுறை நிகழும். பிழைப் பதிவேட்டில் சட்டகச் சோதனைத் தோல்விகள் (தரவுத் தொகுதி பிழையோடு வந்ததைக் காட்டுபவை) இப்படிச் சம இடைவெளியில் வருகின்றனவா, சட்டகத்தின் தொடக்கத்தைக் காட்டும் ஒத்திசைவுச் சொல்லின் இடம் ஒவ்வொரு முறையும் ஒரு சிம்பல் தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். ஒழுங்கின்றி வந்தால் குறுக்கீட்டையோ சிக்னல் மங்கலையோ தேடுங்கள்.