லேப்டாப் பூட் ஆகவில்லையா? டிஸ்க்கைச் சரிசெய்யும் முன் இதைப் படியுங்கள்

அக்கா மகளின் லேப்டாப் ஒருநாள் 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்ற வரியோடு நின்றுவிட்டது. ஆஃப் பண்ணிப் போட்டாலும் அதே வரிதான். விசைப்பலகையின் ஓரத்தில் காதை வைத்தால் உள்ளே 'டக்... டக்...' என்று சத்தம். அதைக் கேட்டும், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை 'ஆர்' (/r) சேர்த்து ஓடவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயரே இல்லை. பாட்டியின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். 'ஆர்' போட்டால் செக்டிஸ்க் டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகளான செக்டார்களை ஒவ்வொன்றாகப் படிக்கும். படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும். சாகக் கிடக்கும் ஹார்ட்டிஸ்க் அந்தச் சுமையைத் தாங்காது. இன்னொன்று, ஃபைல் சிஸ்டத்தை (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு) முரணில்லாமல் ஆக்குவதுதான் அதன் வேலை, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அல்ல. எந்த ஃபைலைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளைப் பெயரில்லாமல் 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் போட்டுவிடும்.

ஆகவே ரிப்பேருக்கு முன்னால் நகல். வேறொரு கணினியில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) பென்டிரைவ் தயார் செய்து, லேப்டாப்பை அதிலிருந்து பூட் பண்ணுங்கள். முதலில் டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) விவரங்களைப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது சாதாரண காப்பி-பேஸ்ட் வேண்டாம், வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருளைப் போடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. கொள்ளளவையும் மாடல் பெயரையும் இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். 'டக் டக்' சத்தம் வந்தால் இதையும் முயல வேண்டாம். உடனே ஆஃப் செய்து, தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதுதான் நல்லது. அன்று நான் அதைச் செய்யவில்லை.

டிஸ்க் நன்றாக இருந்து, ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருந்தாலும் அவசரம் ஆகாது. விண்டோஸைப் புதிதாக்கும் 'ரீசெட்' கொடுக்கும்போது 'கீப் மை ஃபைல்ஸ்' என்று இருக்கிறதே என நம்பிவிடுகிறோம். அந்தக் குழம்பிய டிஸ்க்கின் மேலேயேதான் முழு விண்டோஸும் புதிதாக எழுதப்படுகிறது. ஃபைல் மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும் இதே வகைத் தவறு. எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம் தேவை. அழிந்த ஃபைலின் இடத்தை டிரிம் என்ற தானியங்கி வசதி காலிசெய்துவிட்டால் எந்த மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது.

ரிக்கவரி திரையில் கட்டளை கொடுப்பவர்கள் டிரைவ் எழுத்தைச் சரிபாருங்கள். உங்கள் 'சி' அங்கே 'டி' என்று இருக்கலாம். பயாஸில் டிஸ்க்கை இயக்கும் முறையை ரெய்டிலிருந்து (RAID) ஏஎச்சிஐ (AHCI) ஆக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. நல்ல டிஸ்க்கிலும் அதனால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். ஹார்ட்டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் போடாமலே பல புது லேப்டாப்புகளில் அது இயங்கிக்கொண்டிருக்கும். 48 இலக்க ரிக்கவரி கீ இல்லாவிட்டால் நகல் எடுத்தும் பயனில்லை. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் எதையும் தொடுவதற்கு முன் எடுத்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள்.

நகல் முடிந்ததும் அதை வேறொரு கணினியில் மாட்டி, நாலைந்து படங்களையும் ஒரு பெரிய வீடியோவையும் திறந்து பாருங்கள். ஒழுங்காகத் திறந்தால், அப்புறம் பழைய டிஸ்க்கில் செக்டிஸ்க்கோ ரீசெட்டோ தாராளமாகப் போடலாம்.