லிலிபாண்டில் சொற்களுக்கு அடிக்கோடு இடுவதும் அதைச் சீர்செய்வதும்

லிலிபாண்ட், 1996-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹைஸும் யான் நியூவென்ஹைசனும் தொடங்கிய, இசைக்குறிப்புகளை அச்சுக்கு அமைத்துத் தரும் கட்டற்ற மென்பொருள். இதில் சுட்டியால் எதையும் இழுத்து வைப்பதில்லை. சுரங்களையும் அவற்றுக்கு மேலும் கீழும் வரும் சொற்களையும் ஓர் எழுத்துக் கோப்பில் கட்டளைகளாகவே எழுதுகிறோம். அச்சொற்களுக்கு அடிக்கோடு இடும் கட்டளையையும், கோட்டின் ஆழத்தையும் தடிப்பையும் நமக்கேற்ப மாற்றும் வழியையும் இங்கே பார்ப்போம். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

முதல் படி: கோடு இடுதல்

\மார்க்கப் \அண்டர்லைன் "விறுவிறுப்பாக"

இந்த வரியைத் தனியாக எழுதினால் சொல் தனியே அச்சாகும். ஒரு சுரத்தை அடுத்து ^ குறியிட்டு எழுதினால் சுரவரிக்கு (சுரங்கள் அமரும் கோடுகளுக்கு) மேலும், _ குறியிட்டு எழுதினால் கீழும் வரும். இரண்டு சொற்களுக்குக் கோடு வேண்டுமென்றால் மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் கட்டளை தனக்கு அடுத்து நிற்கும் ஒரே ஓர் உறுப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். மேற்கோள் இல்லாவிட்டால் முதல் சொல்லோடு கோடு நின்றுவிடும்.

இரண்டாம் படி: ஆழத்தை மாற்றுதல்

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கோட்டின் ஆழம், எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் அடிமட்டத்திலிருந்து அளக்கப்படுகிறதே தவிர, எழுத்தின் கீழ் நுனியிலிருந்து அல்ல. ஆகவே ஆங்கிலத்தில் கீழே வால் இறங்கும் எழுத்துகளைப் போலவே, தமிழில் று, மு, டு, ழ போன்றவற்றின் கீழ்ப்பகுதியையும் கோடு குறுக்கே வெட்டிச் செல்லும். மேலே எடுத்துக்கொண்ட சொல்லில் இரண்டு று இருப்பதால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். ஆஃப்செட் என்னும் பண்பின் இயல்பான மதிப்பு 2. அதைக் கூட்டினால் கோடு கீழே இறங்கும்.

\மார்க்கப் \ஓவர்ரைடு #'(ஆஃப்செட் . 6) \அண்டர்லைன் "விறுவிறுப்பாக"

புள்ளியின் இருபுறமும் இடைவெளி இருக்க வேண்டும். 6 என்பது தொடக்கத்துக்கான மதிப்பு மட்டுமே. எழுத்துருவுக்கு எழுத்துரு இறக்கம் வேறுபடுவதால், அச்சுப் படியைப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். இந்த எண் மில்லிமீட்டர் அல்ல, கோப்பின் அடிப்படைக் கோட்டுத் தடிப்பின் மடங்கு.

மூன்றாம் படி: தடிப்பு

திக்னஸ் என்னும் பண்பும் அதே மடங்கில்தான் அளக்கப்படுகிறது. அதன் இயல்பான மதிப்பு 1. தடித்த எழுத்துக்குக் கீழே மெல்லிய கோடு வலுவிழந்து தெரியும் என்பதால் அங்கு 1.5 அல்லது 2 பொருந்தும்.

\மார்க்கப் \ஓவர்ரைடு #'(ஆஃப்செட் . 6) \ஓவர்ரைடு #'(திக்னஸ் . 1.5) \அண்டர்லைன் "விறுவிறுப்பாக"

ஓவர்ரைடு எப்போதும் அண்டர்லைனுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதினால் அந்த மாற்றம் உள்ளே இருக்கும் சொல்லை மட்டுமே சேரும், கோட்டைத் தொடாது. பிழைச் செய்தியும் வராததால் புதியவர்கள் காரணம் தெரியாமல் நெடுநேரம் தேட நேரிடும்.

இரட்டைக் கோடு தேவையென்றால், புதிய பதிப்புகளில் அண்டர்லைன் கட்டளையை அடுத்தடுத்து இருமுறை எழுதினால் போதும்.

நான்காம் படி: ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்துதல்

ஒரே குறிப்பு பல இடங்களில் வருமானால், கோப்பின் தொடக்கத்தில் அதற்கு ஒரு பெயர் சூட்டிவிடுங்கள். இந்தப் பெயரும் மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லும் தமிழிலேயே இருக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

விரைவு = \மார்க்கப் \ஓவர்ரைடு #'(ஆஃப்செட் . 6) \அண்டர்லைன் "விறுவிறுப்பாக"

பிறகு சுரத்தை அடுத்து ^\விரைவு என்று எழுதினால் போதும். நாளை ஆழத்தை 7 ஆக்க நினைத்தால், ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா இடங்களிலும் மாறிவிடும்.

பாடல் வரிகளில் மட்டும் அடிக்கோட்டைத் தவிர்ப்பது நல்லது. ஓர் அசையை நீட்டிப் பாட வேண்டும் என்பதைக் காட்ட, அதன் வலப்புறம் அடிமட்டத்தை ஒட்டி ஒரு கிடைக்கோடு இழுப்பது இசை அச்சின் வழக்கம். அடிக்கோடும் அருகில் வந்தால் பாடுபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அங்கே ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமானால் தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள்.